வசவுக்கும் ஒரு வரலாறு உண்டு

எங்கள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதே, "ஏலே மூதி, சோறு ஆறுதுல்லா" என்றுதான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். துறைமுகத்தில் நான் வேலை பார்த்த நாளில், புதிதாக வரும் அதிகாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே பாதிப் பொழுது போய்விடும்.

லே, வே, ஏட்டி இவை இல்லாமல் எங்களுக்குப் பேச்சு ஓடாது. இளையவனுக்கு 'லே', சமவயது ஆணுக்கு 'வே', சிறு பெண்ணுக்கு 'ஏட்டி'. நடுவில் 'வந்து', 'பாத்துக்கிடுங்க' என்று வேறு சேர்ந்துகொள்ளும். பொருள் இல்லாத சொற்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். மியா, இக, மோ, மதி, இகும், சின் என்று எதிரே இருப்பவரிடம் பேசும்போது வரும் அசைச்சொற்கள் ஆறினைத் தொல்காப்பியர் அன்றே எண்ணி வைத்தார். அந்த ஆறும் பேச்சிலிருந்து போய்விட்டன. அவற்றின் வேலையை இன்று லேயும் வேயும் பார்க்கின்றன.

சபைக்கு ஆகாத சொல்லை 'அவையல் கிளவி' என்று சொல்லி, அதை மறைத்துச் சொல்லும் வழியையும் அவரே காட்டினார். பின்னால் வந்த நன்னூல் அதற்கு 'இடக்கரடக்கல்' என்று பெயர் வைத்தது. ஆக, கெட்ட வார்த்தை நம் காலத்தில் முளைத்தது அல்ல.

மூதி என்பது மூதேவியின் சுருக்கம். மூதேவி என்றால் மூத்த தேவி, அதாவது திருமகளின் தமக்கை. குறளில் அவள் பெயர் 'தவ்வை'. பல்லவர் பாண்டியர் காலத்தில் அவளுக்குக் கோயிலில் இடம் இருந்தது. திருப்பரங்குன்றத்தில் 8ஆம் நூற்றாண்டில் அவளுக்கென்று குடைந்த சன்னிதி உண்டு. பருத்த வயிறும் காக்கைக் கொடியுமாக, மகனும் மகளும் இருபுறம் இருக்க, பிள்ளை பெற்ற தாயாக அமர்ந்திருப்பாள். கும்பிட்ட தெய்வத்தைப் பிறகு வாசலுக்கு வெளியே தள்ளி, பெயரை மட்டும் வசவாக வைத்துக்கொண்டோம்.

'பேதியில போவான்', 'கொள்ளையில போவான்' என்று கிழவிகள் ஏசுவது நினைவிருக்கும். இந்தக் கொள்ளை திருட்டு அல்ல, கொள்ளைநோய். 1817இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாக அது திரும்பத் திரும்ப வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. காலையில் நடமாடியவர் மாலையில் இல்லை. கண்ணால் கண்ட அந்தப் பயம்தான் சாபமாக நாக்கில் ஏறியது.

எனக்குப் பொறுக்காத வசவு ஒன்று உண்டு, 'அறுதலி'. தாலி அறுத்தவள் என்று பொருள். எங்கள் அத்தை ஒருத்தி இருபது வயதில் விதவையானவள. தெருக்குழாயடியில் யாரோ யாரையோ அப்படி ஏசினாலும், அத்தை குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவாள். ஏசியவளுக்கு அத்தை நினைப்பே இருந்திருக்காது. ஆனால் அடி விழுந்தது அத்தைக்கு. சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவதும் இந்த வகைதான். ஒருவன் மேல் உள்ள கோபத்துக்கு ஒரு கூட்டத்தையே அடிப்பது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் அப்படி இழிவு செய்வது 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சொல் எதிர்த்திசையிலும் போகும், அதற்கும் நம் மண்ணே சாட்சி. 'ஊமை' என்பது கேலிச்சொல். கட்டபொம்மனின் தம்பி குமாரசாமிக்குப் பேச்சு சரியாக வராது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்ட கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31இல் வந்த கும்பினிப் படையை விரட்டினார். மே 24இல்தான் கோட்டை விழுந்தது. நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷே தம் நூலில் அவரை வியந்து எழுதினார். அந்தக் கேலிச்சொல்லோடு 'துரை' சேர்ந்து, ஊமைத்துரை என்று இன்றும் மரியாதையாகச் சொல்கிறோம்.

இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களையெல்லாம் கூச்சப்படாமல் திரட்டி அகராதி போட்டார். அகராதியில் எல்லாச் சொல்லும் இருக்கட்டும், வரலாறு தெரிய வேண்டும் அல்லவா? வாயில் வைத்துக்கொள்வதை மட்டும் நாம் பார்த்துப் பொறுக்கிக்கொள்வோம். பேரனை 'ஏலே மூதி' என்று ஆசையாகக் கூப்பிடுங்கள், குற்றமில்லை. அறுதலி நம்மோடு போகட்டும். அந்தச் சொல் பேரப்பிள்ளைகள் காதில் விழவே வேண்டாம்.