படான் நடை: தண்ணீர் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

பாலைவன மணலில், முதுகில் 16 கிலோ மூட்டையோடு 42 கிலோமீட்டர் நடக்க காசு கட்டிப் போகிறார்கள் என்றால் நம்புவீங்களா? மூணாவது மாடிக்கே லிஃப்ட் தேடுற நான் நம்பவில்லை. ஆனா நிஜம்தான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துக்குள் நடக்கும் படான் நினைவு நடை இது. மூட்டை இல்லாமலும் நடக்கலாம்.

எதுக்கு இந்த வேலை? 1942-க்குப் போவோம். ஏப்ரல் 9 அன்று, பிலிப்பைன்ஸின் படான் தீபகற்பத்தில் அமெரிக்க-பிலிப்பினோ படை ஜப்பானிடம் சரணடைந்தது. மாசக்கணக்கில் அரை வயிற்றுச் சாப்பாடு, மலேரியா வேறு. கைதான சுமார் 75,000 பேரை, மரிவேலஸ் பக்கமிருந்து சான் ஃபெர்னாண்டோ வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வெயிலில் நடத்தினார்கள். தாகம் தாங்காமல் வழியோரத் தண்ணீருக்கு ஓடியவர்களைக் குத்தியும் சுட்டும் கொன்றார்கள். அப்புறம் சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து கபாஸ் வரை. மறுபடி நடை, ஓ'டானல் முகாமுக்கு. ஆயிரக்கணக்கானவர்கள் போய்ச் சேரவே இல்லை.

அந்தப் படையில் நியூ மெக்சிகோக்காரர்கள் சுமார் 1,800 பேர். போர் முடிந்து ஊர் திரும்பியது ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில், நம்ம என்சிசி மாதிரியான மாணவர் படைப் பிரிவு 1989-இல் இந்த நினைவு நடையை ஆரம்பித்தது. நிஜ நடையில் உயிர் பிழைத்த பென் ஸ்கார்டன், தொண்ணூறு வயசுக்கு மேலேயும் வந்து எட்டரை மைல் நடந்திருக்கிறார். 2021-இல், 104 வயதில் காலமானார்.

சரி, இப்படி நடந்தா அவங்க வலி புரியுமா? புரியாதுன்னுதான் நினைக்கிறேன். இங்கே வழி நெடுக தண்ணீர் தருகிறார்கள், கால் கொப்புளத்துக்கு மருந்து போடுகிறார்கள். முடியலைன்னா நின்னுக்கலாம். அங்கே நின்னா சாவு. வலியை மறுபடி நடித்துக் காட்ட முடியாது. யார் நடந்தார்கள் என்ற கணக்கை மட்டும் மறக்காமல் வைத்திருக்கலாம்.

அந்தக் கணக்கில்தான் ஒரு பெரிய ஓட்டை. நடத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். அமெரிக்கக் கொடியின் கீழ் சண்டை போட்டவர்கள். ஆனா 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அவர்களில் பெரும்பாலோருக்கு முன்னாள் படைவீரர் சலுகைகளை மறுத்துவிட்டது. 2009-இல்தான் ஒரு தொகை ஒதுக்கினார்கள்: அமெரிக்கக் குடிமகன் ஆனவருக்கு 15,000 டாலர், ஆகாதவருக்கு 9,000. அதை வாங்க எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள், சொல்லுங்க?

படானில் நிஜப் பாதையோரம் இன்றைக்கும் கிலோமீட்டர் கற்கள் நிற்கின்றன. பஸ்ஸும் ஜீப்னியும் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு என்னைக்காவது நடக்கத் தெம்பு வந்தால், அந்தக் கற்களை எண்ணிக்கொண்டே நடக்கணும்.