சம்பளமில்லாத மலை

"சம்பளம் இல்லாம ரிவர்ஸ்டன் ஏறுறியா? அட்டைக்கு ரத்தம் குடுக்கவா புள்ள?"

அப்பாயி கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரத்தோட்டைக்கு மேலே ஏலக்காட்டில் கூலிக்குக் காய் பறித்தவர் அவர். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து தரையோடு நீளும் சரத்தில் காய்க்கும். பழுப்பதற்கு முன்னால், பதம் பார்த்து, நாள் முழுக்கக் குனிந்தபடியே கிள்ள வேண்டும். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் போவார்களாம். மழை பெய்தால் அதுவும் கரைந்துவிடும்.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால் பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடியில் முளைத்த கன்று, கொடி, சிறுமரம் எல்லாவற்றையும் வெட்டினார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் காடு அப்படியே நிற்கும். உள்ளே போனால், கிழட்டு மரம் சாய்ந்த இடத்தில் ஏறி வர ஒரு கன்றும் இருக்காது. காய் உலர்த்தும் ஸ்டோர் அடுப்புக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். கோப்பிக்காரர்கள் சரிவுகளை மொட்டையடித்த பிறகு, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைத் தொடக்கூடாது என்று அரசு ஒதுக்கியது. மழைக்காகவும் தண்ணீருக்காகவும் போட்ட கோடு அது. நான் இப்போது தேடிப்போகும் ஓணானை அன்று யார் நினைத்தார்கள்? 1894இல் இலங்கையில் தொடங்கிய வனவிலங்குச் சங்கம்கூட, வேட்டைக்கு மிருகம் மிஞ்சவேண்டுமே என்ற கவலையில் பிறந்ததுதான். ரிவர்ஸ்டன் அடங்கிய நக்கிள்ஸ் மலைத்தொடர் பாதுகாப்பு வனமானது 2000இல். ஏலச் சாகுபடிக்குச் சட்டப்படி இடமில்லாமல் போனது. உலக மரபுரிமைப் பட்டம் 2010இல் வந்தது.

நான் போவது ஒரு சின்னத் தன்னார்வக் குழுவோடு. அனுமதி வாங்கி, இருட்டிய பிறகு டோர்ச்சோடு நடப்போம். ரிவர்ஸ்டன் காற்றில் நின்று பேசக்கூட முடியாது; உச்சிக் கோபுரத்துக்குக் கீழே காட்டுக்குள் நுழைந்ததும் காற்று அடங்கிவிடும். தூங்கும் ஓணான் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். சுள்ளி நுனியைக் கட்டிக்கொண்டு, மூக்கில் ஒரு குட்டி இலையோடு. தொடமாட்டோம். தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செடி என்று கொப்பியில் எழுதிவிட்டு நகர்வோம்.

நக்கிள்ஸ் மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஓணான் இல்லை. செல்லப் பிராணி வியாபாரிகள் கடத்துகிறார்கள் என்பதால், 2019இல் ஜெனீவாவில் கூடிய, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் மாநாடு இதைப் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட முதல் பட்டியலில் சேர்த்தது.

விஞ்ஞானப் பெயர் செரட்டோபோரா டெனன்டி. அந்தப் பெயர்தான் என்னை உறுத்துகிறது. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர். அவர் பதவியில் இருந்த 1848இல்தான் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. கூடவே வீதிச் சட்டம்: 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் சம்பளமில்லாமல் ரோட்டு வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். மாத்தளை கிளர்ந்தது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக்கொன்றார்கள். டெனன்ட் ஊர் திரும்பி இயற்கை வரலாறு எழுதினார். 1861இல் வந்த அந்த நூலில்தான் ஓணானுக்கு அவர் பெயர் ஏறியது. மாத்தளைக்காரி நான், இப்போது அந்தப் பெயரை இரவிரவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவும் சம்பளமில்லாமல், நானாக விரும்பிப் போய்.

போனில் இருந்த படத்தை அப்பாயியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதையா தேடுறீங்க? மூக்குல ஏலக்கா ஒட்டுன மாதிரி இருக்குமே. ஸ்டோருக்குப் பின்னால ஓடையோரம் கெடக்கும்."

பெரிய மரங்கள் நிற்கும் ஏலக்காட்டில் இது வாழும்தான். கொப்பியை எடுத்து இடத்தைக் குறித்தேன். எந்த வருஷம் என்று கேட்டேன்.

"உங்க அப்பன் பொறக்குறதுக்கு முந்தி."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.