விறகு, எண்ணெய், மறுபடியும் விறகு

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை இன்றும் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்கிறார்கள். கோப்பிக் காலத்துக் கட்டடத்தின் பெயர் பயிர் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டது போலும். பெயர் நிலைத்த அளவுக்கு அதன் அடுப்பு நிலைக்கவில்லை. டன்சினேன், ஷீன் தோட்டங்கள் சூழ்ந்த பூண்டுலோயா உள்ளிட்ட இந்த மலைப் பிரதேசத்து ஸ்டோர்களில் முதலில் கரியும் விறகும் எரிந்தன. பிறகு எண்ணெய் வந்தது. இப்போது மறுபடியும் விறகுதான். இதைப் பின்னடைவு என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு, இயற்கைக்குத் திரும்பிவிட்டோம் என்று மெச்சிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் காரணத்தைத் தொடவில்லை. எண்ணெய்க்கு டொலர் வேண்டும். விறகுக்கு ரூபாயும் நிலமும் ஆளும் போதும். அடுப்பை மாற்றியது அந்த வித்தியாசம்தான்.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சுமார் நாலரை கிலோ கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்த பிறகு ஒரு கிலோ தேயிலை தேறும். கடைசிக் கட்டம் ட்ரையர். துளையிட்ட தட்டுகளின் மேல் இலை ஊர்ந்து வர, நூறு பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் கீழிருந்து காற்று ஏறும். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று வீதத்துக்கு இறங்கிவிடும். சூடு குறைந்தால் இலை காய்வதற்குப் பதில் வேகும், கூடினால் கருகும். ஆகவே ஸ்டோருக்குத் தேவை பெரிய நெருப்பு அல்ல, ஏறி இறங்காத நெருப்பு. தொடக்கத்தில் கரியடுப்பின் மேல் தட்டு வைத்துக் காய்ச்சினார்கள். அசாம் பக்கத்துக் கச்சாரில் தேயிலைத் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்ட் நகரில் ‘சிரோக்கோ’ தொழிற்சாலையைத் தொடங்கினார்; சகாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது. இவ்வகை இயந்திரங்களில் அடுப்புப் புகை இரும்புக் குழாய்களுக்குள் போகும், குழாய்களைச் சுற்றி வரும் காற்று சூடாகி இலைக்குப் போகும். புகையும் இலையும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதற்கு முன்பே கோப்பிக்காக மலைக்காடுகள் பெருமளவு அழிந்திருந்தன. எஞ்சியதை அடுப்பும் தின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணெய் அடுப்பு பரவியபோது அதற்கு எதிராகச் சொல்ல எவரிடமும் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. வால்வைத் திருப்பினால் நெருப்பு, திருப்பினால் அணைப்பு. விறகுக் கொட்டகை வேண்டாம், பிளக்க ஆள் வேண்டாம், மழைக்காலக் கவலை வேண்டாம். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் என்று நாடும் அந்தப் பாதையிலேயே நடந்தது. பீப்பாய் மூன்று டொலர் அளவில் விற்ற காலத்துக் கணக்கு அது.

1973 முடிந்து 1974 பிறந்தபோது அந்த மூன்று டொலர் பன்னிரண்டை நெருங்கியிருந்தது. 1979க்குப் பிறகு முப்பதைத் தாண்டியது. அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு திணறியது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் மடிந்தார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்து, ஜனவசம என்னும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் போயின. டொலர் சம்பாதிக்கும் பொருளைக் காய்ச்ச டொலரையே எரிப்பதா என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் அடுப்புகள் படிப்படியாகக் கழன்றன, விறகு அடுப்புகள் திரும்பின. தேயிலைக்கு உதவாத சரிவுகளில் ‘டர்பன்டைன்’ என்று தோட்டத்தில் அழைக்கப்படும் யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. போதாததற்குத் தாழ்நாட்டில் வெட்டிய முதிய இறப்பர் மரங்கள் லொறியேறி வந்தன. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் காடே நகர்ந்து டன்சினேன் மலைக்கு வந்தால்தான் மன்னன் வீழ்வான் என்று ஒரு வாக்கு உண்டு. தன் தோட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரர், காடு லொறியில் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

விறகுப் புகை தேயிலையைக் கெடுக்கும் என்பார்கள். குழாய் வெடித்தால் கெடுக்கும். எண்ணெய் அடுப்பிலும் அதே கதைதான். உண்மையான குறை ஈரத்தில் இருக்கிறது. எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சைக் கட்டை, நன்றாகக் காய்ந்த கட்டை தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியையே தரும். மழை பெய்துகொண்டே இருக்கும் ஊரில் கொட்டகை கட்டி மாதக்கணக்கில் உலர்த்தாமல் எரிப்பது, தண்ணீரைக் கொதிக்க வைக்கவே காசு கொடுப்பதாகும். மரம் புதுப்பிக்கத்தக்கது என்ற வாதமும் வெட்டிய இடத்தில் நட்டால் மட்டுமே செல்லும். வலுவான ஆட்சேபம் மின்சாரம்தான். பக்கத்திலேயே 1985இன் கொத்மலை, 2012இல் 150 மெகாவாட்டுடன் மேல் கொத்மலை என்று நீர்மின் நிலையங்கள் இருக்க, ஏன் மரத்தை எரிக்க வேண்டும்? ட்ரையருக்கு வேண்டியது வெறும் சூடு. விலை உயர்ந்த மின்சாரத்தை அதற்குச் செலவிட எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்கமாட்டார். ஆனால் விறகு தோட்டத்துக்கு முழுச் சுதந்திரத்தைத் தந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும், இறப்பர் கட்டை மலையேற டீசல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, அடுப்பில் விறகு இருந்தும் விசிறிக்கு ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அதற்கும் டீசல்.

இந்தக் கணக்கில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அடுப்பு எங்கேயும் வரவில்லை. ஸ்டோர் எண்ணெய்க்கு மாறிய காலத்திலும் லயத்தில் எரிந்தது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறுதான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண் மாலையில் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். அந்த உழைப்புக்குச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழவில்லை. துரை பங்களாவில் கணப்படுப்புக்குப் புகைபோக்கி கட்டியவர்கள், அதே குளிரில் இருந்த லயத்துக் காம்பராவுக்கு ஒன்றும் கட்டவில்லை. விறகு மலிவு என்று ஸ்டோர் கண்ட கணக்கும் இந்தப் பழக்கத்தின் மேல் நின்றதுதான்: மரமும் ஆளும் தோட்டத்துக்குள்ளேயே கிடைக்கும்போது, அவற்றுக்கு விலை போடத் தோன்றுவதில்லை.

எந்த ஸ்டோர் எந்த ஆண்டில் எண்ணெயை விட்டது, எவ்வளவு விறகு எரித்தது, யார் வெட்டினார்கள் என்பதெல்லாம் பழைய கணக்குப் புத்தகங்களில் இருக்க வேண்டிய செய்திகள். 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. அதற்குப் பிறகு மூடப்பட்ட ஸ்டோர்களும் உண்டு. அத்தகைய புத்தகம் ஏதாவது யாருடைய அலுமாரியிலாவது கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் வியாபாரியிடம் போட்டுவிடாதீர்கள்.