பூனை குறுக்கே வந்தால்: ஓர் இலக்கண வகுப்பும் நினிவேயின் களிமண் ஏடுகளும்

1962ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே நான் பயின்ற பாடசாலையில், எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் வகுப்பினுள் நுழைந்ததும் பாடநூலைத் திறக்கவில்லை. வெண்கட்டியை மேசைமீது வைத்துவிட்டு, “உங்கடை அப்பாச்சிமார், அம்மம்மாமார் என்னென்ன சகுனம் சொல்லுகினம்? ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டார்.

இரண்டு வாரங்களாக நாங்கள் ‘இஃப்’ என்ற ஒரு சிறு சொல்லிலே அகப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தோம். நிபந்தனை வாக்கியம் என்று அதற்குப் பெயர். ‘இஃப்’ வருகின்ற பகுதியிலே நிகழ்கால வினையை எழுதி, மறுபகுதியிலே ‘வில்’ சேர்க்கவேண்டும். விதி இவ்வளவுதான். ஆயினும் வகுப்பிலே பாதிப்பேர் ‘கம்ஸ்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘கேம்’ என்றே எழுதினோம். அடியும் வாங்கினோம்.

தவறு எங்களுடையதன்று, தமிழினுடையது என்று பின்னாளிலே எனக்குத் தோன்றியதுண்டு. ‘வந்தால்’, ‘கண்டால்’, ‘விழுந்தால்’ ஆகிய சொற்களைப் பிரித்துப் பாருங்கள். வந்த, கண்ட, விழுந்த என்ற இறந்தகால வடிவத்தின்மீதே ‘ஆல்’ ஏறி அமர்ந்திருக்கிறது. நாளை வரப்போகின்ற பூனையைப் பற்றிப் பேசும்போதும் நாம் ‘வந்தால்’ என்றே கூறுகிறோம். அப்படிப் பேசி வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்திலும் இறந்தகாலத்தைத் தேடிப் போவதில் வியப்பில்லை. தொல்காப்பியர் ‘செயின்’ என்று குறிப்பிடுகின்ற பழைய வாய்பாட்டிலே, அதாவது வரின், காணின் என்பவற்றிலே, இந்த இறந்தகாலச் சாயல் கிடையாது. அந்த வடிவம் பேச்சிலே நிலைத்திருந்தால் எங்கள் உள்ளங்கைகள் சற்றுத் தப்பியிருக்கும்.

ஆசிரியரின் உபாயம் பலித்தது. அதுவரை வாய் திறவாதவர்களும் கை உயர்த்தினார்கள். காகம் கத்தினால் விருந்தினர் வருவர். பல்லி தலையில் விழுந்தால் ஆகாது. பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும். ஒற்றைத் தும்மல் தடை. கரும்பலகை நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அவர் ஆங்கிலத்தில் எழுதுவித்தார். வெள்ளைக்காரரின் சகுனங்களையும் சொன்னார். கண்ணாடி உடைந்தால் ஏழு ஆண்டுகளுக்குத் துரதிர்ஷ்டம். கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் இங்கிலாந்திலே பலரும் அதனை நல்ல சகுனமாகக் கொள்வார்கள் என்றும், அமெரிக்காவிலே அதே பூனை கெட்ட சகுனம் என்றும் அவர் கூறியபோது வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று.

அந்தச் சிரிப்பின் வேகத்தில்தான் நான் எழுந்து, “விதவை எதிரே வந்தால் போன காரியம் ஆகாது, சேர்” என்றேன்.

எங்கள் வீட்டிலே என் சின்னம்மா இருந்தார். இருபத்தாறு வயதிலே கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவர். வீட்டிலே யாராவது பயணம் புறப்படுகின்ற வேளையில் அவர் தாமாகவே அடுக்களைக்குள் போய்விடுவார். ஒருவரும் அவரைப் போகச் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இதையெல்லாம் அறிந்திருந்தும் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு அவருடைய நினைவே வரவில்லை.

ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர் கரும்பலகையில் எழுதினார். ‘வில்’ என்று வரவேண்டிய இடத்திலே ‘வுட்’ என்று எழுதினார். ‘கம்ஸ்’ என்று வரவேண்டிய இடத்திலே, நாங்கள் அடி வாங்கிய அதே ‘கேம்’ நின்றது. “சேர், பிழை” என்றான் ஒருவன். பிழையில்லை, இது வேறொரு வடிவம் என்றார். நடக்குமென்று நம்புகிறவன் ‘வில்’ என்பான். அது நடவாது, வெறும் கற்பனை என்று எண்ணுகிறவன் ‘வுட்’ என்பான். ஆங்கிலத்திலே நம்பிக்கையின்மைக்கென்று ஒரு வினைவடிவம் இருக்கிறது என்று விளக்கினார். பின்பு என்னைப் பார்த்து, “எதிரை வந்த அந்த மனுசியும் ஏதோ அலுவலாத்தானே போயிருப்பா? அவ போன காரியம் என்ன ஆச்சுது, தம்பி?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு மீதி வாக்கியங்களையெல்லாம் ‘வுட்’ சேர்த்து மாற்றி எழுதினோம்.

தமிழிலே இந்த வேறுபாட்டை வினை காட்டுவதில்லை. ‘மழை பெய்தால் நனைவேன்’ என்பதும், ‘நான் அரசனாக இருந்தால் வரியை நீக்குவேன்’ என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னையது நடக்கக்கூடியது, பின்னையது நடவாதது என்பதைக் கேட்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். நடந்து முடிந்த ஒன்றை மாற்றி நினைக்கும்போது மாத்திரம் நமக்குத் தனி வடிவம் உண்டு: ‘இருந்திருந்தால்’, ‘போயிருந்தால்’. பத்திரிகைத் தொழிலிலே, 1983க்குப் பின்னர் இழவு வீடுகளில் நான் மிகுதியாகக் கேட்ட வடிவம் அதுதான். “படலையடியிலை பூனையைக் கண்டவுடனை திரும்பியிருந்தால்...” என்று ஒரு தாய் அழுததையும் கேட்டிருக்கிறேன். சுட்டவர்களைப் பற்றி வாய் திறக்க முடியாத காலம் அது. பூனையைக் குற்றஞ்சாட்டலாம்.

பல ஆண்டுகள் கழித்து இலண்டனுக்குச் சென்றிருந்தபோது பிரித்தானிய அருங்காட்சியகத்திலே நினிவே நகரத்துக் களிமண் ஏடுகளைக் கண்டேன். இன்றைய ஈராக்கின் மோசுல் நகருக்கு அருகே, கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய மன்னன் அசுர்பானிபாலின் நூலகத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லேயார்டும் மோசுலையே சேர்ந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாமும் அகழ்ந்தெடுத்தவை அவை. முழு ஏடுகளும் துண்டுகளுமாக ஏறக்குறைய 30,000 அங்கே உள்ளன. அவற்றுள் பெருந்தொகையானவை சகுன நூல்கள் என்று அறிந்ததும், எனக்கு அந்தப் பழைய கரும்பலகை நினைவுக்கு வந்தது. ஊர் திரும்பிய பின் அவற்றைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

அந்த நூல்களிலே வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சும்மா’ என்ற சொல்லே முதலில் வருகிறது. நம்முடைய ‘சும்மா’ அன்று. அக்காடிய மொழியிலே அதற்கு ‘ஆனால், ஆயின்’ என்று பொருள், அதாவது ஆங்கிலத்து ‘இஃப்’. ‘சும்மா ஆலு’ என்பது ஒரு பெருந்தொகுப்பின் பெயர். ‘ஒரு நகரம்... ஆயின்’ என்று அது தொடங்குவதால் அப்பெயர். நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளைக் கொண்ட அத்தொகுப்பிலே வீடு கட்டுதல், பாம்பு, தேள், எறும்பு, பூனை, நாய் என்று நாள்தோறும் கண்ணிற்படும் அனைத்துக்கும் பலன் கூறப்பட்டிருக்கிறது. பல்லிக்கும் தனி ஏடு உண்டு. மனிதன்மேல் பல்லி விழுந்தால் என்ன நேரும் என்பதை, நம்முடைய பஞ்சாங்கக்காரர் உச்சி முதல் உள்ளங்கால் வரை வகுத்துச் சொல்வதைப் போலவே, அங்கும் ஒருவர் வகுத்து எழுதியிருக்கிறார்.

என்னை மேலும் வியக்கவைத்தது அந்த மொழியின் இலக்கணம். அக்காடியத்திலே நிபந்தனைப் பகுதியின் வினை பெரும்பாலும் இறந்தகாலத்தில் நிற்கும், பலன் கூறும் பகுதியின் வினை எதிர்காலத்தைச் சுட்டும். பல்லி விழுந்தது ஆயின், அவன் செல்வம் அடைவான் என்ற போக்கு. எங்கள் வகுப்பிலே நாங்கள் அடி வாங்கிய அதே வாக்கியம்! அசுர்பானிபாலின் எழுத்தர்கள் எங்கள் ஆசிரியரிடம் வந்திருந்தால் அவர்களும் கை நீட்டியிருக்க வேண்டும்.

மருத்துவமும் இதே அச்சிலே வார்க்கப்பட்டது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் எசகில்-கின்-அப்லி என்ற பாபிலோனிய அறிஞர் 40 ஏடுகளாக ஒழுங்குபடுத்திய நோய்க்குறி நூல், நோயாளியின் உடலைப் பார்ப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. மந்திரவாதி நோயாளியின் வீட்டுக்குப் போகும் வழியிலே கறுப்பு நாயைக் கண்டானா, பன்றியைக் கண்டானா, அதன் நிறம் என்ன என்பவையே முதற்பகுதியின் பொருள். மன்னன் ஹமுராபியின் சட்டங்களும் இவ்வாறே ‘சும்மா’ என்று தொடங்குவன. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், 1901-1902இல் ஈரானின் சூசாவிலே கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சட்டம், மருத்துவம், சகுனம் ஆகிய மூன்றுக்கும் ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது. அறிவியலின் தொடக்கம் இந்த வாக்கிய அமைப்பில் இருக்கிறது என்று அறிஞர் சிலர் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் வான்குறி நூலான ‘எனூமா அனு என்லில்’, சந்திர மாதத்தின் 20ஆம், 21ஆம் நாள்களில் சந்திர கிரகணம் நேர்ந்தால் என்ன ஆகும் என்றும் கூறுகிறது. பூரணைக்கு ஐந்தாறு நாள் கழித்துக் கிரகணம் ஒருபோதும் நேராது. நடக்கவே முடியாததையும் நடக்கக்கூடியதைப் போன்றே எழுதி வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு ‘வுட்’ சொல்லிக் கொடுக்க எங்கள் ஆசிரியர் அங்கே இருக்கவில்லை.

தீய சகுனத்துக்குக் கழிப்பும் உண்டு. ‘நம்பூர்பி’ என்று அச்சடங்குகளுக்குப் பெயர். பூனைக்காகத் தண்ணீர் குடிப்பதைப் போன்ற எளிய காரியங்கள் அல்ல என்றாலும் நோக்கம் ஒன்றே. கிரேக்கத்திலும் இதனைக் காணலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தியோபிரஸ்தஸ் வரைந்த மூடநம்பிக்கைக்காரன், மரநாய் போன்ற ஒரு பிராணி பாதையைக் கடந்துவிட்டால், வேறு யாராவது அவ்வழியே போகும்வரை நகரமாட்டான். இல்லையேல் மூன்று கற்களை எறிந்துவிட்டே போவான். இவையெல்லாம் சிரிப்பதற்குரியவை.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. சந்திர கிரகணம் மன்னனின் மரணத்தை முன்னறிவிக்கின்ற விதத்தில் அமைந்து, அவ்வேளையில் வியாழன் வானிலே தெரியாமலும் இருந்தால், அசீரியாவிலே மாற்று அரசன் ஒருவனைச் சிம்மாசனத்தில் ஏற்றுவார்கள். ஆடை, முடி, பக்கத்திலே ஓர் அரசி எல்லாம் அவனுக்குக் கிடைக்கும். உண்மையான மன்னனை அந்நாள்களில் கடிதங்களிலே ‘உழவன்’ என்று விளிப்பார்கள். நூறு நாள் வரையில் இந்த நாடகம் நீடிக்கலாம். முடிவிலே மாற்று அரசன் கொல்லப்படுவான். சகுனம் பலித்துவிட்டது, மன்னனும் பிழைத்துவிட்டான். அசுர்பானிபாலின் தந்தை எசர்ஹத்தோனின் ஆட்சியிலே (கி.மு. 681-669) இச்சடங்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்தது. பெரும்பாலும் கைதியோ, கேட்பாரற்ற எளியவனோ அரசனாக்கப்பட்டான் என்பர். அக்காத் நகரத்திலே தம்கி என்பவன், கோயில் தலைவர் ஒருவரின் மகனாக இருந்தும், தன்னோடு அமர்த்தப்பட்ட அரசியுடன் உயிரிழந்தான். இருவரையும் முறைப்படி அடக்கஞ்செய்து அழுது முடித்தோம் என்று அதிகாரி ஒருவர் மன்னனுக்கு அனுப்பிய அறிக்கை இன்றும் இருக்கிறது.

அதைப் படித்தபோது ஆசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது.

இந்தச் சகுன மரபு பாரசீகர் ஆட்சிக் காலத்திலே பாபிலோனிலிருந்து இந்தியாவுக்கு வந்திருக்கலாம் என்று, வானியல் வரலாற்றறிஞர் டேவிட் பிங்ரீ வாதிட்டார். வான்குறிகளைப் பொறுத்தவரை அவருடைய சான்றுகள் வலிமையானவை. பல்லியும் காகமும் அவ்வழியே வந்தனவா, ஒவ்வொரு சமூகமும் தானாகவே கண்டுகொண்டதா என்பது வேறு விடயம். சங்க இலக்கியத்திலே பல்லியின் சொல்லுக்குக் காது கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதனாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற புலவரும் இருக்கிறார். முல்லைப்பாட்டிலே போருக்குப் போன தலைவனுக்காக நற்சொல் கேட்டு நிற்பவர்கள் முதிய பெண்கள். அங்கே பெண்ணே சகுனத்தைக் கேட்கிறாள். எப்போது அவளே சகுனமானாள்?

2009இலே போர் முடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்கள் பல்லாயிரவர். அதன் பின்னரும் திருமண வீடுகளிலே, தம் பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கத் தயங்கித் தூணோரம் நிற்கின்ற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். சில வீடுகளிலே பிள்ளைகளே தாயைக் கைபிடித்து முன்னே கொண்டுவந்ததையும் கண்டேன். சில இடங்களில் ஐயர் முகம் சுளித்தார், சில இடங்களில் சுளிக்கவில்லை.

1970இலே பத்திரிகை வேலைக்காக நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலை, யாழ்தேவிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திண்ணையிலே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். “சின்னம்மா, படலையடிக்கு வாங்கோ. நீங்கள் எதிரை வரத்தான் நான் போவன்” என்றேன். “விசர்க்கதை கதையாதை, றெயில் போயிடும்” என்றார். நான் அசையவில்லை. அம்மா வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மா அடுப்பை ஊதினார். புகை எழுந்தது. சேலைத் தலைப்பிலே முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீரை எடுத்து என் கையிலே தந்து, “குடிச்சிட்டுப் போ” என்றார். படலை வரைக்கும் அவர் வரவில்லை. ஒழுங்கையின் திருப்பத்திலே திரும்பிப் பார்த்தபோது வேலிக்கு மேலாக அவருடைய வெள்ளைச் சேலை மாத்திரம் தெரிந்தது.