சாதிக்கு நன்மை எழுதச் சொல்லும் பாடத்திட்டம்

2022 ஏப்ரலில் ஒரு பாடநூல் பக்கத்தின் படம் சமூக ஊடகங்களில் சுற்றியது நினைவிருக்கும். நர்சிங் மாணவர்களுக்கான சமூகவியல் நூல். அதில் வரதட்சணையின் நன்மைகள் என்று ஒரு பட்டியல். அழகில்லாத பெண்ணுக்கும் வரதட்சணை கொடுத்தால் கல்யாணம் நடந்துவிடுமாம், அதுவும் ஒரு நன்மையாம். எதிர்ப்பு வந்ததும் இந்திய நர்சிங் கவுன்சில் கண்டித்தது. பாடத்திட்டம் மட்டும்தான் எங்களுடையது, எந்த ஆசிரியரின் நூலையும் நாங்கள் ஏற்பதில்லை என்றது. அத்தோடு எல்லோரும் கலைந்து போனோம்.

சரி, நூலை விடுவோம். கவுன்சிலே 2021-இல் திருத்தி வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைப் பார்ப்போம். 60 மணி நேர சமூகவியல் தாள். அதில் சமூகப் படிநிலை பற்றிய அலகில் ஒரு வரி: சமூகத்தில் சாதியின் நேர்மறை, எதிர்மறைத் தாக்கங்கள். உடல்நலத்தில் சாதியின் தாக்கம் என்றும் அதே அலகில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "சாதியின் நேர்மறைத் தாக்கங்களை எழுதுக" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால், சேரியிலிருந்து படிக்க வந்த பெண் என்ன எழுதுவாள்? வரதட்சணைக்கு நன்மை எழுதிய நூலும் இதே அச்சில் வார்த்ததுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தத் தொழிலின் வரலாறே சாதியின் வரலாறு. சென்னையில் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1871-இல் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி. யார் வந்தார்கள்? அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் இந்தியக் கிறித்தவப் பெண்களும். அந்தக் கிறித்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பத்தினர்.

கிராமங்களில் பிரசவம் பார்த்தது நாவிதர் சாதி மருத்துவச்சி. வட இந்தியாவின் பல பகுதிகளில் தொப்புள்கொடி அறுப்பது தலித் பெண்ணின் வேலை. தாய்களுக்குப் பயிற்சி கொடுக்க 1903-இல் கர்சன் சீமாட்டி நிதி திரட்டியபோது, குழந்தைச் சாவுகளுக்கு அவர்களின் அழுக்குக் கையைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். அந்தக் கைக்குக் கிணற்றுத் தண்ணீரை மறுத்தது யார் என்று கேட்கவில்லை.

1926-இல் மதராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு, அடுத்த ஆண்டு கவுன்சில் சட்டம். பட்டமும் சம்பளமும் வெளிநாட்டு விசாவும் சேர்ந்த பிறகு தீட்டு மெல்ல மறந்துபோனது!

விளக்கேற்றும் விழாவில் மாணவிகள் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எழுதப்பட்டது. நான்கே ஆண்டு கழித்து புனேயில் பிளேக் பரவியபோது, நோயுற்ற மகர் சிறுவனைச் சுமந்து வந்து, தானும் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தவர் சாவித்ரிபாய் புலே. அந்த மேடைகளில் அவர் பெயரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

பெயர்ப் பிரச்சினை மட்டும் இல்லை இது. 2006-இல் வெளிவந்த 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு கிராமத்தில் பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்திருந்தார்கள். சுகாதாரப் பணிக்குப் போகப்போகிறவர்களுக்கு வகுப்பில் நடத்த வேண்டிய பாடம் இது. இதில் நேர்மறை எந்தப் பத்தியில் வரும்?

நர்சிங் படிக்கும் தோழர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய சமூகவியல் வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். அந்த வரியிலிருந்து எத்தனை முறை கேள்வி வந்திருக்கிறது, எந்தப் பதிலுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். கவுன்சிலுக்கு மனு எழுத அது வேண்டும்.