கிகாஹேர்ட்ஸ் கூடினால் வேகம் கூடுமா?

 

1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3, 1.5 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4. எது வேகம் என்று பத்தாம் தரப் பிள்ளைகளிடம் கேட்டோம். "பென்டியம் 4 சேர்" என்று வகுப்பே சொன்னது. பிழை பிள்ளைகளில் இல்லை. பெரிய இலக்கம் என்றால் பெரிய வேகம் என்று நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

ஒரு காலத்தில் அது சரியாகவும் இருந்தது. இன்டெல் 386 வந்தது 1985 இல். அதில் 2 இலட்சத்து 75 ஆயிரம் டிரான்சிஸ்டர்கள். 1989 இல் வந்த 486 இல் 12 இலட்சம். 1993 இல் 60, 66 மெகாஹேர்ட்ஸில் வந்த முதல் பென்டியத்தில் 31 இலட்சம். ஒரு துடிப்பில் இரண்டு கட்டளைகளைக்கூட அது முடிக்கும். துடிப்பும் கூடியது, ஒரு துடிப்பில் நடக்கும் வேலையும் கூடியது.

அந்தத் தலைமுறைகளை இங்கே கண்டவர்கள் மிகக் குறைவு. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டு, எங்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தோம்.

இனி, 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4. கொடிகாமம் சந்தையில் தேங்காயைக் கைமாற்றி லொறியில் ஏற்றுவதை நினையுங்கள். பென்டியம் 3 இன் வரிசையில் 10 பேர், பென்டியம் 4 இல் 20 பேர். ஆள் கூடினால் ஒவ்வொருவரும் எட்ட வேண்டிய தூரம் குறையும், கை வேகமாக ஓடும். அந்தக் கை வேகம்தான் கிகாஹேர்ட்ஸ். ஆனால் பிழையான குவியலில் இருந்து எடுத்துவிட்டால் முழு வரிசையையும் வெறுமையாக்கி முதலில் இருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமென்றால் நட்டமும் அதிகம். அதனால்தான் சில சோதனைகளில் 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3, புதியதை முந்தியது.

2004 இல் வரிசையை 31 ஆக நீட்டினார்கள். சூடு தாங்கவில்லை. 4 கிகாஹேர்ட்ஸ் திட்டமும் கைவிடப்பட்டது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ வரிசையை 14 ஆகக் குறைத்தது. அதன் 1.86 கிகாஹேர்ட்ஸ் மாதிரி, 3 கிகாஹேர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் 4 ஐப் பெரும்பாலான வேலைகளில் வென்றது.

அடுத்த மாதமே, 2006 ஓகஸ்ட் 11 இல், எழுதுமட்டுவாளுக்கு அப்பால் முகமாலையில் ஏ9 பூட்டப்பட்டது. 2002 ஏப்ரலில் திறந்த பாதை. இன்னொரு தலைமுறையும் எங்களுக்குப் பிந்தியே வந்தது.

ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய 486, பென்டியம் எது கிடந்தாலும் பழைய இரும்புக்குப் போடமுதல் அருகிலுள்ள பாடசாலை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பெற்றோர் காணாததைப் பிள்ளைகளாவது கையில் எடுத்துப் பார்க்கட்டும், இன்ஷா அல்லாஹ்.