நம் தெருமுனைக் கடைகள்: கொஞ்சம் வரலாறு



காலையில் கீரைக்கார அம்மாவின் குரல் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். இந்தத் தெரு வியாபாரம் நம் ஊர்களில் எவ்வளவு பழையது என்று யோசித்திருக்கிறீர்களா? மதுரையின் பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தில் பெருவணிகர்களோடு அப்பம் விற்கும் கூவியரும், வெற்றிலை விற்கும் பாசவரும், உப்பு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நம் காலத்திலோ இவர்களுக்கு வெகுநாள் கிடைத்த பெயர் 'ஆக்கிரமிப்பு'. அதை மாற்றியது ஒரு வழக்கு. டெல்லி நடைபாதை வியாபாரி சோடன் சிங் வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தெருவில் வியாபாரம் செய்வதும் தொழில் செய்யும் அடிப்படை உரிமையில் அடங்கும் என்றது. குறிப்பிட்ட இடம்தான் வேண்டும் என்று கேட்க முடியாது, அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றும் சொன்னது. 2010இல் அதே நீதிமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றச் சொல்ல, 2014 மே 1 அன்று தெரு வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்தி, வியாபாரிகளுக்குச் சான்றிதழ் தர வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கவனியுங்கள்: அதே குழுவில் நம்மைப் போன்ற நலச் சங்கங்களுக்கும் இடம் உண்டு.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது நினைவிருக்கிறதா? அந்த ஊரடங்கு நாட்களில் தெருவுக்கு வந்த காய்கறி வண்டிகள்தான் சென்னையில் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்தன. "சில்லறை இல்லையா, நாளைக்குக் கொடுங்க" என்று இன்றும் சொல்பவர்கள் அவர்கள்தான்.

நடக்க வழியில்லை, குப்பை சேருகிறது என்ற குறைகளும் நியாயமானவையே. ஆனால் "வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்" என்று சங்கத்துக்கு எழுதும் முன், ஒரு முறை அந்த வியாபாரியிடம் பேசுங்கள். எங்கே நிற்பது, எத்தனை மணி வரை, குப்பைக்கு யார் பொறுப்பு என்பதை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.